பாப்பா தோசையையும் நிறுத்திவிட்டாள்

கேள்வி: என் மகளுக்கு 3 வயது 2 மாதம். எடை பன்னிரண்டரை கிலோ, ஆறு மாதத்துக்கு முன்பு பதினொன்றரை இருந்தாள். தயிர்சாதம், ரசம் சாதம், சீனி தொட்ட இட்லி, பிஸ்கெட் தவிர எதையும் வாயில் வாங்கமாட்டாள். காய் என்றாலே துப்புகிறாள். பழத்தில் ஆப்பிள் ஜூஸ் மட்டும், அதுவும் கடையில் வாங்கியது. நான் வேலைக்குப் போவதால் பகலில் என் அத்தைதான் (மாமியார்) பார்த்துக்கொள்கிறார்கள். செல்போன் காட்டினால்தான் வாய் திறப்பாள், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினால் வாந்தி எடுத்துவிடுகிறாள். "சோறுதான் இறங்கலையே" என்று அத்தை நாலு வேளை பால் கொடுக்கிறார்கள், மால்ட் பவுடர் போட்டு. போன மாதம் வெண்டைக்காயை அரைத்துத் தோசை மாவில் கலந்து கொடுத்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள், அன்றிலிருந்து தோசையையும் தொடுவதில்லை. பசி எடுக்க சிரப் வாங்கலாமா? நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆகிவிட்டதா?

தென்காசியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குப் போவதால் இது வரவில்லை. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் அம்மாக்களும் என்னிடம் வந்து இதே கதையை இதே வார்த்தைகளில் சொல்கிறார்கள், தோசை மட்டும் ஒரு வீட்டில் சப்பாத்தியாக இருக்கும், இன்னொரு வீட்டில் சாம்பாராக இருக்கும். அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எடையைப் பற்றியும் கவலை வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 3 வயது முடிந்த பெண் குழந்தையின் நடு எடை 13.9 கிலோ, 10.8க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் பாப்பா கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறாளே, அது நல்ல ஏற்றம். பிறந்த முதல் வருடத்தில் குழந்தை ஆறு கிலோ ஏறும், அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? ஒரு வயதில் கிண்ணம் காலி செய்த பிள்ளை இப்போது நாலு வாயோடு எழுந்து ஓடுகிறதே என்று எல்லாரும் பதறுவது இங்கேதான். அதோடு இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டால் பயம் வேறு உண்டு. தவழ்ந்தும் நடந்தும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போட வாய்ப்புள்ள வயதில், தெரியாததைத் துப்பு என்று உடம்பே போட்டு வைத்திருக்கும் பூட்டு அது. இனிப்பைப் பிறவியிலேயே பிடிக்கும், கசப்பைப் பிறவியிலேயே பிடிக்காது. காய்கறியும் கீரையும் லேசாகக் கசக்கிற சங்கதிகள், அதனால் முதலில் அவைதான் அடிபடும்.

சரி, இப்போது பாலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதி அந்த டம்ளரில் இருக்கிறது.

நாலு வேளை, வேளைக்கு 200 மில்லி என்றால் 800 மில்லி. அதில் பாலுக்கு மட்டுமே 500 கலோரிக்கு மேல் வரும், மால்ட் பவுடரும் சர்க்கரையும் தனிக் கணக்கு. இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1100 கலோரி போதும். அதாவது பாதிக்கு மேல் குடித்தே முடித்துவிடுகிறாள், அப்புறம் மத்தியானம் அவரைக்காய்ப் பொரியலுக்குப் பசி எங்கிருந்து வரும்? சோறு இறங்கவில்லை என்று பால் கொடுக்கிறார்கள், பால் குடித்ததால் அடுத்த வேளைச் சோறு இறங்கவில்லை, இது சுற்றிச் சுற்றி வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம், மற்ற சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற இரும்பையும் பாலில் உள்ள கால்சியம் சேரவிடாமல் தடுக்கும். நிறையப் பால், காய் கீரை கிடையாது என்றால் இரத்தசோகை வரும், இரத்தசோகை வந்தால் பசியே மந்தமாகிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதனால் நீங்கள் முதலில் செய்யவேண்டியது சிரப் வாங்குவதில்லை, ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை. இந்த வயதில் 11க்குக் கீழே இருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்த்து இரும்பு மருந்து தொடங்க வேண்டும். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் பாருங்கள், அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள்.

பசி சிரப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். கடையில் அந்தப் பெயரில் கொடுப்பதில் பல அடிப்படையில் அலர்ஜிக்கான மருந்து, தூக்கக் கலக்கம் வரும், நிறுத்தினால் பசியும் பழையபடி போய்விடும். மருத்துவர் ஒரு காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் அது வேறு.

பாலை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 400 மில்லிக்குள் கொண்டு வாருங்கள், காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், இரண்டும் சாப்பிட்ட பிறகு, டம்ளரில். படுக்கும்போது பாட்டில் கண்டிப்பாக வேண்டாம், பல்லும் சொத்தையாகும். பதினொரு மணிப் பாலை முதலில் எடுங்கள், அங்கே ஒரு பழத் துண்டு வரட்டும், நாலு நாள் கழித்து இரவுப் பாட்டிலை எடுங்கள். பால் குறைந்த மூன்றாம் நாள், நாலாம் நாளிலேயே மத்தியானச் சாப்பாட்டில் வித்தியாசம் தெரிவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டுவது. இதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அழுதுகொண்டிருக்கும் வாயில் சோற்றை வைத்தால் புரையேறி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து இருக்கிறது, அது முதல் காரணம். இரண்டாவது, வாந்தி வரும்வரை ஊட்டப்பட்ட பிள்ளைக்கு அந்தக் காயின் ருசி நினைவில் நிற்காது, அந்த பயம் நிற்கும். வெண்டைக்காயைப் பார்த்ததும் தொண்டை இறுகும். பிடிவாதம் என்று நாம் பெயர் வைப்பது பெரும்பாலும் இந்த பயம்தான்.

1920களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்து வருடக்கணக்கில் ஒரு ஆய்வு செய்தார். காய், பழம், தானியம், பால், இறைச்சி என்று 34 வகைச் சாப்பாட்டுப் பட்டியலில் இருந்து ஒவ்வொரு வேளையும் பல கிண்ணங்கள் எதிரில் வைக்கப்படும். செவிலியர் கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், குழந்தை கை நீட்டிய கிண்ணத்தில் இருந்து மட்டும் கொடுக்கலாம், இதைச் சாப்பிடு என்று சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை என்று புகழவும் கூடாது. ஒரு நாள் ஒரே பொருளாகத் தின்பார்கள், மறுநாள் அதைத் தொடமாட்டார்கள், ஆனால் மொத்தத்தில் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். 1939இல் அவர் இதை எழுதியபோது ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்: சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதில் சர்க்கரையும் இல்லை, டப்பாவில் அடைத்து வந்ததும் இல்லை. எதைக் குழந்தை முன்னால் வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், அதில் எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்தது.

உங்களுக்கும் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, இது உங்கள் கையில். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு, இது பாப்பா கையில். அவள் வேலையை நீங்கள் செய்யப் போகும்போதெல்லாம் சண்டை வரும். உங்கள் வேலையை அவளிடம் விட்டாலும் (பாப்பாவுக்கு இன்னைக்கு என்ன வேணும் என்று கேட்டால்) பிஸ்கெட்தான் பதிலாக வரும்.

நடைமுறையில் இப்படி. எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு, பதினொன்றுக்குப் பழம், ஒரு மணிக்குச் சோறு, நாலரைக்கு ஏதாவது, ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. நடுவில் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு வேளையும் அவளுக்குப் பழக்கமான ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கட்டும், தயிர்சாதமோ ரசம் சாதமோ, அதன் பக்கத்தில் அரை ஸ்பூன் காய். அரை ஸ்பூன்தான், கைப்பிடி அளவு வைத்தால் பார்த்ததுமே மிரண்டுவிடுவாள். சாப்பிடு என்று சொல்லாதீர்கள், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சவும் வேண்டாம். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல். தொடவே இல்லையா, சரி. நாலு நாள் கழித்து அதே காய் மறுபடி தட்டில் வரட்டும். ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து தடவை ருசி பார்க்க வேண்டியிருக்கும், பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது, நாலாவது தடவையிலேயே "இவளுக்குப் பீர்க்கங்காய் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தொட்டுப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, நக்கிவிட்டு வைப்பது, துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். துப்புவதற்கு ஒரு சின்னக் கிண்ணம் பக்கத்தில் வைத்து "பிடிக்கலைன்னா இதுல துப்பிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளை வாயில் போட்டுப் பார்க்கத் துணியும்.

"கேரட் சாப்பிட்டா சாக்லேட் தருவேன்" வேண்டாம். கேரட் ஏதோ தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ருசி பார்த்ததற்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுங்கள், போதும்.

தோசைக் கதைக்கு வருவோம். நீங்கள் கெட்டது எதுவும் செய்யவில்லை, சத்து உள்ளே போகட்டும் என்று நினைத்தீர்கள். ஆனால் அவள் நம்பிச் சாப்பிடுகிற நாலைந்து பொருளில் தோசை ஒன்று, அதில் தெரியாத ஒன்று ஒளிந்திருந்தது அவளுக்குத் தெரிந்துபோனது. இனி இட்லியையும் சந்தேகப்படலாம், அதனால் மறைக்கிற வேலையை விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் வெறும் வெள்ளைத் தோசை மட்டும் சுடுங்கள், அவளை ஸ்டூலில் உட்கார வைத்து (அடுப்புக்குத் தள்ளி) மாவை அவள் கண் முன்னால் கரண்டியில் எடுத்து ஊற்றுங்கள். திரும்பி வருவாள். அதற்கப்புறம் ஒரு நாள், "இது முருங்கைக்கீரை தோசை, இது வெள்ளைத் தோசை, எது வேணும்" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். வெள்ளைத் தோசையைத்தான் எடுப்பாள், எடுக்கட்டும். பச்சைத் தோசையை நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

செல்போன். திரையைப் பார்த்துக்கொண்டு விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசிப்பதும் தெரியாது, வாயில் போனது பீன்ஸா பூசணியா என்றும் தெரியாது, ஆகையால் அப்படி ஊட்டிய காயால் பழக்கம் வளர்வதில்லை. ஒரு சனிக்கிழமை நீங்களும் வீட்டில் இருக்கும்போது நிறுத்துங்கள். மூன்று நாலு நாள் அழுவாள், சாப்பாடு இன்னும் குறையும், ஆச்சிக்கு மனசு தாங்காது. அந்த நாலு நாளைத் தாண்டிவிட்டால் போதும். வீட்டில் பெரியவர்கள் போனும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

இனிமேல் சமையல். நம் பொரியலைக் குழந்தையின் வாயில் இருந்து யோசித்துப் பாருங்கள். கடுகு பல்லில் படும், உளுத்தம்பருப்பு கடினமாக உறுத்தும், வற்றல் மிளகாய்க் காரம் ஏறும், மூன்றும் சேர்ந்து வந்தால் கேரட் பாவம் என்ன செய்யும்? தாளிப்பதற்கு முன்னால் அவள் பங்கைத் தனியாக எடுத்து ஒரு சொட்டு நெய் விட்டு வைத்துவிடுங்கள். இனிப்பு சேர்ந்த காய்களில் தொடங்குங்கள், மஞ்சள் பூசணி, கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போகலாம், பயப்படாதீர்கள். வெண்டைக்காயை நன்றாக வதக்கி கொழகொழப்பு போனபின், மொறுமொறு என்று, வட்டமாக வெட்டாமல் கையில் பிடிக்கிற மாதிரி நீளமாக. பாகற்காய் எல்லாம் பிறகு வரட்டும், அவசரமே இல்லை. அப்புறம் உங்கள் ஊர்ச் சமையலிலேயே இதற்கு மருந்து இருக்கிறது: சொதி. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கும் போட்டு, லேசான இனிப்போடு, காரம் அதிகம் இல்லாமல். பச்சை மிளகாயை முழுதாகப் போட்டு எடுத்துவிட்டால் மூன்று வயதுக்கு அதைவிட நல்ல குழம்பு எனக்குத் தெரியாது. கூட்டாஞ்சோறும் அப்படித்தான், பருப்பும் காயும் முருங்கைக்கீரையும் அரிசியோடு குழைந்து வேகிறது, மறைத்ததாகவும் இல்லை, தனியாகத் துருத்திக்கொண்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டு வையுங்கள். கூடப் படிக்கிற பிள்ளை தின்பதைப் பார்த்துத் தின்னும் பிள்ளைகள் நிறைய.

பழம் காயைவிடச் சுலபம், பதினொரு மணிக்கு நல்ல பசியில் வைத்தால். கடை ஜூஸை நிறுத்தி, பழத்தையே கையில் கொடுங்கள், ஜூஸில் நார்ச்சத்து போய்ச் சர்க்கரைத் தண்ணீர்தான் மிச்சம். ஆப்பிள்தான் உயர்ந்தது என்று ஒன்றும் இல்லை, ஒரு கொய்யாவில் இருக்கும் வைட்டமின் சி பக்கத்தில் ஆப்பிள் நிற்கவே முடியாது, அந்த வைட்டமின்தான் கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர்க்கும். பப்பாளி, கதலி, மாம்பழம், சப்போட்டா எல்லாம் நல்லதே. வாழைப்பழமும் கொய்யாவும் சளி பிடிக்கும் என்று ஆச்சி சொல்லுவார்கள். சளி வைரஸ் கிருமியால் வருவது, பழத்தால் வருவதில்லை, ஆனால் அதற்காக வாதம் செய்து ஜெயிக்க வேண்டாம். இருமல் இருக்கும் நாளில் வேறு பழம் கொடுத்துவிட்டு மற்ற நாட்களில் கொடுங்கள். 2 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்குக் காய் பழம் இரண்டும் சேர்த்து 250 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்ன வாழைப்பழமும் அரைக் கொய்யாவும் கிட்டத்தட்டப் பாதி ஆயிற்று, அதனால் காய் பழகுகிற மாதங்களில் பழம் கைகொடுக்கும்.

விதை விஷயத்தில் மட்டும் கவனம், இதைச் சொல்லாமல் விடமாட்டேன். சப்போட்டா விதை நுனியில் கொக்கி மாதிரி இருக்கும், தொண்டையில் மாட்டினால் எடுப்பது கஷ்டம். சீத்தாப்பழ விதையும் எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். குற்றாலச் சீசனில் ரம்புட்டான் வாங்குவீர்கள், வழுக்கி அப்படியே உள்ளே போகும் பழம் அது, கொட்டையை நீக்கிச் சதையைத் துண்டாக்கித்தான் தரவேண்டும். பச்சைக் கேரட்டும் முழு நிலக்கடலையும் இந்த வயதுக்கு வேண்டாம், கேரட்டை விரலால் நசுங்கும் பதத்தில் வேகவைத்துக் கொடுங்கள். உட்கார்ந்து மட்டும் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே இல்லை.

உங்கள் அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கும். அவர்கள் ஊட்டுவது பாசத்தில், பிள்ளை வெறும் வயிற்றோடு கிடப்பதை அவர்களால் பார்க்க முடியாது. "நீங்கள் பால் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்ற வார்த்தை வந்துவிட்டால் அவ்வளவுதான். ஹீமோகுளோபின் பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள், பால் அளவை மருத்துவரே சொல்லட்டும். ஊட்டுகிற வேலை போனதற்குப் பதிலாகப் பெரிய வேலை ஒன்றை அவர்களிடம் கொடுங்கள்: பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் இரண்டு பேரும் நாலு வெண்டை விதை ஊன்றித் தண்ணீர் விடுவது. 45 நாளில் காய் வந்துவிடும். தானே பறித்த வெண்டைக்காயைப் பச்சையாகவே கடித்துப் பார்க்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சாம்பாரில் இருக்கும் காயைத் தட்டோரம் ஒதுக்கி வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தால், பாப்பா அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டையாவது மூன்று பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவர் தட்டிலும் அதே காய் விழட்டும், அவர் அதைச் சாப்பிடட்டும். நான் எழுதிய இத்தனை வரியில் எதையும் செய்ய முடியாமல் போனாலும் இதையும் பாலையும் மட்டும் விடாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறேன். எடை குறைந்தால், மூன்று மாதமாக ஏறவே இல்லை என்றால், மண், சாக்பீஸ், பச்சரிசி தின்றால், விழுங்கும்போதே அடிக்கடி இருமினால், மலச்சிக்கல் வாரக்கணக்கில் இருந்தால், ஏற்கெனவே சாப்பிடும் பொருள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தால், அல்லது சாப்பாட்டோடு சேர்த்துப் பேச்சும் விளையாட்டும் வயதுக்கு ஏற்ப இல்லை என்று தோன்றினால், நேரே குழந்தை மருத்துவரிடம் போங்கள். தோசையை விட்டது ஒன்று சரி, அதற்குக் காரணம் தெரியும். அடுத்து இட்லியும் போனால் எனக்கு எழுதுங்கள்.

இந்த வாரம் இரண்டே வேலை: இரத்தப் பரிசோதனை, பதினொரு மணிப் பாலுக்குப் பதில் ஒரு துண்டு கதலி. ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தது, ஒரு நாளைக்குப் பால் எவ்வளவுக்கு இறங்கியது, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.